தங்கூசி: மவுஸ்ஸாகலைக் கரையிலிருந்து சில குறிப்புகள்

பெப்ரவரி 18, ஞாயிறு

விடியக் காலை ஐந்தரைக்கே நானும் மச்சானும் தூண்டிலோடு இலங்கை மலையகத்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கக் கரையில். தண்ணி நன்றாக இறங்கிவிட்டது. பொங்கலுக்கு நின்று தூண்டில் போட்ட இடம் இப்போது வெடித்த சேறு. மேலே ரோட்டில் சிவனொளிபாத மலைக்குப் போகிற பஸ்கள் வரிசை கட்டி நின்றன.

மூன்றாவது வீச்சில் ஸ்பூன் (தூண்டிலில் கட்டும் மினுக்குத் தகடு) மாட்டியது. இழுத்தால் ஒரு அடி வருகிறது, விட்டால் ஒரு அடி திரும்பப் போகிறது. மரக்கட்டை அப்படி அசைந்து கொடுக்காது. "வலைடா" என்றான் மச்சான்.

முழங்கால் சேற்றில் இறங்கி அரை மணி நேரம் இழுத்தோம். பாசி பிடித்த தங்கூசி வலை, ஒற்றை இழை நைலோன் நரம்பில் பின்னியது. அதில் திலாப்பியா பதினொன்று. ஏழு வெறும் முள்ளு, மூன்று அழுகல், ஒன்று மட்டும் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு நீர்க்காகம். மாட்டிய மீனைக் கொத்தப் போய்க் கழுத்தில் நாலு சுற்று. இறக்கை விரிந்தபடியே விறைத்திருந்தது. கழுத்துச் சுற்றை மச்சான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தான். செத்த பறவைதான், ஆனாலும் அப்படியே சாக்கில் போட மனசு வரவில்லை.

வலைக்குள் எங்கள் சாமான்களும் இருந்தன. ஸ்பூன் மூன்று, ஈயக்குண்டு ஐந்து, போன வருசம் நான் தொலைத்த சிவப்பு லூர் (போலி இரை). அதன் வாலில் நான் அறுத்துவிட்ட நூல் நாலு பாகம் நீளத்துக்கு வலையோடு பின்னிக் கிடந்தது. அதுவும் தங்கூசிதான்.

பெப்ரவரி 19, திங்கள்

மகளின் அடிமட்டத்தை வாங்கி வலைக்கண்ணை இழுத்துப் பிடித்து அளந்தேன். 50 மில்லிமீற்றர். உள்நாட்டு நீர்நிலைகளில் 85க்குக் குறைந்த கண் கூடாது. தங்கூசி வலையே 2006இலிருந்து தடை. ஏன் என்று பிடித்துப் பார்த்தாலே புரிகிறது. தண்ணிக்குள் கண்ணுக்குத் தெரியாது, மக்காது. சொந்தக்காரன் மறந்துவிட்டுப் போனாலும் அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். மாட்டிய மீனைத் தின்ன இன்னொன்று வரும், அதுவும் மாட்டும். பாரம் கூடினால் அடியில் படுக்கும், உள்ளே இருந்தது அழுகிக் கரைந்ததும் மறுபடி எழும்பி நிற்கும்.

பெப்ரவரி 25, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அதே வளைவுக்குப் பக்கத்தில் இன்னொரு வலை. மிதவைக்கு இரண்டு சோடாப் போத்தல், ஒரு ரெஜிபோம் துண்டு. ஆள் யாரும் இல்லை. போன வாரத்து வீரம் இன்னும் இறங்கவில்லை, வெட்டிச் சுருட்டிவிட்டோம். பிளேன்டீ ஊற்றும்போது லொறி டியூப் ஒன்றைத் தோளில் போட்டபடி பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார்.

"என்னா தம்பி இது? நேத்து ராத்திரி போட்டது. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

மச்சான் அப்போதுதான் அடிமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான். 90. தங்கூசியும் இல்லை, முறுக்கு நூல். சட்டத்தை மீறியது நாங்கள்தான்.

கையிலிருந்த மூவாயிரத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் பெருந்தன்மை காட்டியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஆள். இரண்டு கிலோ மீன் கிடைத்தால் லயத்து வீடுகளிலேயே விற்றுப்போகும் என்றார். தோட்டத்தில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டு அனுப்பின நாளையெல்லாம் இந்தத் தண்ணிதான் சமாளித்ததாம்.

போன வாரத்து வலையைக் காட்டினேன். பார்த்ததுமே அவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பெரியவர் வரச் சொல்லியிருந்தார். "வெட்டுறதுன்னா வெட்ட வேண்டியத வெட்டுங்க. நான் காட்டுறேன்."

தண்ணிக்குள் பழைய மரத்தூர்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று அவருக்கு மனப்பாடம். தண்ணி நிறைந்திருக்கும்போது போட்ட வலை, மின்சாரத்துக்குத் தண்ணி திறக்கத் திறக்க இறங்கித் தூரில் சிக்கும். இழுத்தால் கிழியும். கிழிந்ததை எடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். முக்கால்வாசி வலை இப்படித்தான் தொலைகிறது, வேண்டுமென்று யாரும் விடுவதில்லை என்கிறார். சில பேர் விடுவார்கள் என்றுதான் நான் இன்னமும் நினைக்கிறேன். தடை செய்த வலையோடு பிடிபடுவதைவிட அதை அறுத்துவிட்டுப் போவது லேசு.

வெல்டிங் கடையில் கம்பியை வளைத்து, கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக் கரண்டி மாதிரி ஒன்று செய்து கொண்டுபோனோம். பெரியவர் டியூபில் மிதந்துபோய்ப் போடுவார், கரையிலிருந்து நாங்கள் இழுப்போம். நாலு சாக்கு நிறைந்தது. புதிய விதி ஒன்றும் போட்டோம்: மிதவை இருந்தால் தொடுவதில்லை, ஒரு வாரம் பொறுத்து அவரிடம் கேட்டுத்தான் தொடுவது.

மார்ச் 12, செவ்வாய்

ஒரு துண்டை அம்மா எடுத்துக் கீரைப் பாத்திக்கு மேலே விரித்துவிட்டார். காலையில் பார்த்தால் கொண்டைக்குருவி ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. உயிர் இருந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி விட்டேன், விரலைக் கொத்திவிட்டுப் பறந்தது.

சாக்குகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. எரித்தால் லயமே நாறும். குப்பை வண்டிக்காரர் தொடமாட்டேன் என்கிறார். இப்போதைக்குக் கோழிக்கூட்டுக்குப் பின்னால்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தண்ணி இதற்கு மேல் இறங்காது போலிருக்கிறது. பழைய மஸ்கெலியா டவுன் மேலே வந்துவிட்டது. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது உள்ளே போன ஊர். கோயில் மிச்சத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஜனம். சிலர் கற்பூரம் கொளுத்துகிறார்கள், சிலர் செல்ஃபி எடுக்கிறார்கள், பலர் இரண்டும்.

கல்தூண் ஒன்றில் இடுப்பு உயரத்துக்குத் தங்கூசி சுற்றிக் கிடந்தது, சாமிக்குச் சாத்தின துண்டு மாதிரி. அதில் காய்ந்த செதில்கள் வெயிலுக்கு மின்னின. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தானே அறுத்தார். சின்ன வயசில் இந்தக் கோயில் திருவிழாவுக்கு அவரை அப்பா தோளில் தூக்கி வந்தாராம். அதற்கு மேல் பேசவில்லை.

மீதி வலை தூணின் அடியில் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. மூன்று பேர் இழுத்தும் வரவில்லை. அடுத்த கோடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் இருபது அடிக் கயிறு கட்டி, நுனியில் மூடி இறுக்கிய வெள்ளைப் போத்தல் ஒன்றைக் கட்டிவிட்டோம்.

ஜூன் 9, ஞாயிறு

இரண்டு வாரமாக மழை விடவில்லை. தூண்டிலுக்கு வேலை இல்லை. மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போத்தலைத் தேடினேன். போன வாரம் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. இன்றைக்கு இல்லை.

பெரியவருக்கு போன் போட்டேன்.

"யாரும் அறுக்கல தம்பி. கயிறு இருபதடி, தண்ணி அதத் தாண்டிருச்சு. அடுத்த தடவ நாப்பதடி கட்டுவோம்."