கையால் இறால் பிடிக்கிற ஆயாவுக்கு நிவாரணம் வாங்கிய அனுபவம்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை ஏறியது மறுநாள்தான். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் அன்று இரவே ஆயா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வெள்ளம் வடிவதற்குள் அடுத்த அடி விழுந்தது. எண்ணெய் ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் முழுக்கப் படர்ந்துவிட்டது. எங்கள் ஆட்கள் குவளையும் வாளியுமாகப் படகில் போய் அதை அள்ளினார்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக்கொண்டபோதும் கரையில் எண்ணெயை இப்படித்தான் வாளியில் அள்ளினார்கள்.

ஆயாவுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. நீர் வத்தும்போது ஆற்றில் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார். இறால் விரலில் பட்டதும் அமுக்கிப் பிடித்துப் பறி என்கிற ஓலைக் கூடையில் போடுவார். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார். நாற்பது வருஷத்துத் தொழில்.

புயல் நிவாரணம் 6,000 ரூபாய் டோக்கன் கொடுத்து ரேஷன் கடையிலேயே தந்தார்கள். அதில் சிக்கல் இல்லை. எண்ணெய்க் கசிவுக்கு அரசு தனியாக அறிவித்தது: பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000. அந்தப் பட்டியலில் ஆயா பெயர் இல்லை.

கேட்கப் போனால் முதல் கேள்வியே படகுப் பதிவு எண். அடுத்தது மீனவர் சங்க உறுப்பினர் புத்தகம். ஆயாவிடம் இரண்டுமே இல்லை. பழைய மனு ஒன்றில் யாரோ தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அலுவலர் அதைக் காட்டி, "இவங்க மீனவரே இல்லையேம்மா" என்றார். ஆயா ஒன்றும் பேசவில்லை. இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்து வைத்தார். எண்ணெயில் இறங்கியதில் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அந்தக் கைகளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்த அலுவலருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் வழி பிடிபட்டது. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம், ‘இவர் ஆற்றில் கையால் இறால் பிடித்துப் பிழைப்பவர்’ என்று எழுதி வாங்கினோம். ‘மீன் தொழில்’ என்று மொட்டையாக எழுதினால் வியாபாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்ன பிடிக்கிறார், எப்படிப் பிடிக்கிறார், எந்த ஆற்றில் என்று எழுதச் சொல்லுங்கள். பறியோடு தண்ணீரில் நிற்கும் பழைய போட்டோ ஒன்று என் போனில் இருந்தது, அதையும் பிரிண்ட் போட்டு இணைத்தேன். மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்குங்கள். முதல் தடவை நாங்கள் வாங்கவில்லை. மனுவே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பெயர் ஏறியது. அத்தோடு முடியவில்லை. ரொம்ப நாள் பணம் போடாமல் எடுக்காமல் கிடந்ததில் வங்கிக் கணக்கு முடங்கியிருந்தது. அதை உயிர்ப்பிக்க ஆதார் வேண்டும், ஆதாரில் இருந்த போன் நம்பரோ வெள்ளத்தில் போன போனுடையது. நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்குப் போனால் கைரேகை விழவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார், எண்ணெய் தடவித் துடைத்து வைத்தார். "சேத்துலயே தேஞ்சி போச்சி கண்ணு, இனிமே எங்க வரப்போவுது" என்றார் ஆயா. மெஷினில் உட்கார்ந்திருந்த தம்பி நல்ல பிள்ளை, கருவிழியை வைத்து முடித்துக்கொடுத்தான். ரேகை விழாவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள், கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் வந்து சேர்ந்தபோது மாசி மாதம் ஆகிவிட்டது. இடையில் வட்டிக்கு வாங்கியதற்கே பாதிக்கு மேல் போய்விட்டது. தொழிலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் கடன்தான். கடைசியில் நிவாரணம் என்று சொல்லிக்கொள்கிறோம், வாங்கின கடனை அடைத்ததுதான் மிச்சம்.

ஆயா திரும்பவும் ஆற்றில் இறங்குகிறார். சேற்றைக் கிளறினால் எண்ணெய் வாடை அடிக்கிறது என்கிறார். கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள் என்றேன். உறை போட்டால் இறால் தட்டுப்படாது.

அவரோடு தொழிலுக்குப் போகிற மூன்று பேருக்கு இன்னும் பணம் வரவில்லை. அவர்களுடைய கார்டும் பாஸ்புக்கும் ஒரு கவரில் என்னிடம் இருக்கின்றன. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.