ஆடியில் எடுத்து ஆவணியில் கொடுப்பது

ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணி பிறந்ததும் வரிசையாக முகூர்த்தம். கல்யாணப் பரிசை ஆடித் தள்ளுபடியில் எடுத்து பீரோவில் வைத்திருந்து கொடுக்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. நெருங்கிய தோழிக்கு அப்படிக் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 900 ரூபாய்க்கு எடுத்ததில் 1,999 என்ற அட்டையை வேண்டுமென்றே விட்டுவைப்பதுதான் அசிங்கம். மொய், செய்முறைக் கணக்கு பார்க்கிற வீடென்றால் நாளைக்கு அந்த 1,999-க்குத்தான் திருப்பிச் செய்வார்கள். நீங்கள் போட்டது 900, அவள் தலையில் ஏற்றியது 1,999.

ஆக, விலை ஸ்டிக்கரை எடுத்தே ஆகவேண்டும். எவர்சில்வர், கண்ணாடி என்றால் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினால் பசையோடு போய்விடும். அட்டைப்பெட்டியில் எண்ணெய் படக்கூடாது, கறை நின்றுவிடும். ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடுகாட்டி ஓரத்திலிருந்து உரிக்கலாம். பேனாவால் கிறுக்கினால் சாய்த்துப் பார்க்கும்போது எண் தெரியும். சென்ட், சாக்லேட் பெட்டியில் காலாவதித் தேதியை மறைக்கக் கூடாது. பல நேரம் தள்ளுபடியே அந்தத் தேதி நெருங்குவதால்தான்.

புடவையைக் கடையிலேயே முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முந்தானையை விரித்துக் காட்டுவார். வெளுப்பும் இழை விலகலும் உள்மடிப்பில் இருக்கும். மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பில்தான் முதலில் விடும். வீட்டுக்கு வந்ததும் மடிப்பை மாற்றி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரவிக்கைத் துணி கூடவே இருக்கிறதா பாருங்கள். அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் அட்டை இருந்தால் அதை மட்டும் கழற்ற வேண்டாம். தள்ளுபடிச் சரக்கைப் பல கடைகளில் மாற்றித் தரமாட்டார்கள். அதனால் அளவு பார்த்துப் போடுகிற சுடிதார், செருப்பு பக்கமே போகாதீர்கள்.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவச'த்தில் வந்த இரட்டைப் புடவைகளை ஒரே செட்டுத் தோழிகள் இருவருக்குக் கொடுத்தால், அடுத்த வளைகாப்பு போட்டோவிலேயே குட்டு வெளிப்படும்.

மிக்ஸி, குக்கர் என்றால் வாரண்டி பொதுவாக பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். கார்டில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லைப் பெட்டிக்குள் வைக்காமல் போட்டோ எடுத்து வைத்தால், பழுதாகும் அன்றைக்கு அனுப்பலாம்.

"எவ்வளவுடி?" என்று அவளே கேட்டால் "ஆடியில எடுத்தது, 900" என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் மாமியார் நின்றால் மட்டும் "அப்புறம் சொல்றேன்டி."