பந்திவிசாரணை

எங்கள் கிறிஸ்தவ மாணவர் விடுதியில் வாரத்திற்கு ஆறு பேருக்குப் பரிமாறும் முறை வரும். மற்ற எல்லோரும் எழுந்த பிறகுதான் அந்த ஆறு பேர் சாப்பிட வேண்டும். பிறகு மேசைகளைத் துடைத்து, சாப்பாட்டு அறையையும் ஆலயத்தையும் பெருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் என் முறை வந்தபோது விடுதிக் காப்பாளர் ஐயாவிடம் போய், பாடகர் குழுவில் இருப்பதால் எனக்கு விலக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். பாடுவதும் ஊழியம்தானே என்று வாதாடினேன்.

ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். எருசலேம் சபையில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப்போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். “பந்தியைக் கவனிக்க எப்படிப்பட்டவர்களைக் கேட்டார்கள், பார்” என்றார். நற்சாட்சி பெற்றவர்கள், பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள். அந்தப் பட்டியலின் முதல் பெயர் ஸ்தேவான். சபையின் முதல் இரத்தசாட்சி, பந்திக்கென்று நியமிக்கப்பட்டவர். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

அந்த அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில் பந்தியில் பரிமாறுவதற்கும் வசனத்தைப் போதிப்பதற்கும் ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். பணிவிடை என்று பொருள்படும் தியாகோனியா என்பது அது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒன்று ‘விசாரணை’, மற்றொன்று ‘ஊழியம்’. அதனால்தானோ என்னவோ, பிரசங்க பீடத்தில் நிற்பவரை மட்டும் ஊழியக்காரர் என்று அழைக்கப் பழகிவிட்டோம். இது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

ஒரு சனிக்கிழமை மாலை, மறந்துவைத்த பாட்டுப் புத்தகத்தை எடுக்க ஆலயத்துக்குப் போனேன். ஐயா முழந்தாளிட்டிருந்தார். ஜெபிக்கிறார் என்று எண்ணித் தயங்கி நின்றேன். மர ஸ்கேலின் மழுங்கிய ஓரத்தால், தரையில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொட்டாகப் பெயர்த்து உள்ளங்கையில் சேர்த்தார். பக்கத்தில் முதுகு கிழிந்த பாட்டுப் புத்தகங்கள், ஒரு கிண்ணத்தில் பசை. என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். இருட்டும்வரை ஒட்டினோம்.

கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளுடன் கூடாரத் தொழில் செய்த அப்போஸ்தலன் பவுலைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். ‘வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது’ என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, “மனதில்லாதவன், முடியாதவன் அல்ல” என்பார். இந்த வசனத்தைக் கொண்டு ஏழைகளை அடிப்பவர்களைக் காணும்போதெல்லாம் அந்தக் குரல் என் காதில் ஒலிக்கிறது. உழைக்க முடிந்தவர்கள் உழைப்பது, முடியாதவரும் பந்தியில் அமர்வதற்காகத்தான்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் எங்கள் சபை வாடகை மண்டபத்தில் கூடுகிறது. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நாற்காலிகளைப் போடுகிறேன். சென்ற ஆண்டு வேலை இழந்த ஒரு சகோதரரும் கூட வருகிறார். அவர் வீட்டு வாடகைக்குச் சபையார் சில மாதங்கள் தோள் கொடுத்தோம். யாரும் கேட்காமலேயே அவர் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. கால் ஆடும் நாற்காலி ஒன்று உண்டு. அதில் வயதானவர் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று, அவரே பார்த்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்.