இரண்டு லிட்டர் போதும், தாத்தா

மார்ச் 4, இரவு ஷிப்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடாத மழை. மணி 2.40-க்குப் பழைய புரோட்டோன் சாகா ஒன்று அவசரப் பிரிவு வாசலில் வந்து நின்றது. லிந்தாங் பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா. நாற்பது வருடம் பால் மரமும் செம்பனையும், அதே நாற்பது வருடம் சுருட்டும். இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப்பை விரலில் மாட்டினால் எண்ணே வரவில்லை; விரல் ஐஸ் மாதிரி இருந்தது. என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்த பிறகு 82 காட்டியது.

"டாக்டர், பையோட இருக்குற மாஸ்க்கப் போடுங்க, முழுசா திறந்து விடுங்க!" என்று மகன் கத்தினார். நான் டாக்டர் இல்லை, எம்.ஏ., அதாவது மருத்துவ உதவியாளர். தாத்தாவுக்கோ, தோட்டத்துப் பழைய பெயரில், நான் இன்னும் 'டிரசர் தம்பி'தான்.

நான் எடுத்தது வெள்ளை மூக்கு வைத்த வெஞ்சுரி மாஸ்க், ஆக்சிஜனை அளந்து காற்றோடு கலந்து கொடுப்பது. 4 லிட்டர் விட்டால் 28 சதவீதம், அவ்வளவுதான். இப்படிப் பழுதான நுரையீரலில் ஆக்சிஜனைக் கொட்டினால், காற்று சரியாகப் போகாத மூலைகளுக்கும் இரத்தம் திரும்பி ஓடும். கரியமில வாயு வெளியேறாமல் தேங்கி ஆளே மயங்கிப் போவார். கிளிப்பில் நமக்கு வேண்டியது 88-க்கும் 92-க்கும் நடுவில். மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசரைக்கூட ஆக்சிஜனில் ஓட்டாமல் காற்றில்தான் ஓட்டினோம்.

அரை மணி நேரத்தில் 90. மகனின் முகம் தெளியவில்லை. "இன்னும் பத்து குறையுதே" என்றார். பரீட்சை மார்க் மாதிரிதான் எல்லாரும் பார்க்கிறார்கள். 2010-இல் வெளிவந்த டாஸ்மேனியா ஆய்வை அவரிடம் எப்படிச் சொல்வது? தாத்தா மாதிரியே மூச்சுத் திணறலோடு ஆம்புலன்சில் 405 பேர். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்த பக்கம் 9 சதவீதம் இறந்தார்கள், அளந்து கொடுத்த பக்கம் 4.

மார்ச் 6

இன்று கதை தலைகீழ். கடும் நிமோனியாவோடு வந்த இளைஞனுக்குப் பை மாஸ்க், 15 லிட்டர். மாஸ்க்குக்கும் பைக்கும் நடுவில் இருக்கும் வால்வை முதலில் விரலால் அடைத்து, பையை உப்ப வைத்துவிட்டுத்தான் முகத்தில் மாட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் அதை மறந்து, சப்பையான பையோடு மாட்டி வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்கள். கிளம்பும்போது சிலிண்டர் முள் பாதியில் நின்றது. முழு ஈ சிலிண்டரில் 680 லிட்டர், பாதி என்றால் 340. பதினைந்தால் வகுத்தால் 22 நிமிடம் சொச்சம். ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர், அதுவும் மழையில். மாற்றினோம். உதவிக்கு ஓடிவந்த அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறவர், கையெல்லாம் கிரீஸ். "நான் திறக்குறேன் தம்பி" என்று வால்வில் கை வைக்கப் போனவரைப் பிடித்து இழுத்துவிட்டேன். அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும். கோபித்துக்கொண்டார், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மார்ச் 9

ஷிப்ட் முடிந்து வார்டுக்குப் போனேன். தாத்தா உட்கார்ந்திருந்தார், 91. நம்ம நிறத்துக்கு அந்த எண்ணையும் முழுசாக நம்ப முடியாது. கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைக் கருவி வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தவறவிட்டது என்று 2020-இல் அமெரிக்காவில் கண்டார்கள். அதனால் எண்ணோடு சேர்த்து, அவர் ஒரு முழு வாக்கியம் பேசுகிறாரா என்றும் கவனிக்கிறேன்.

பேசினார். "பால் இல்லாத கோப்பி ஓ வேணும், டிரசர் தம்பி. இந்த மூஞ்சி மூடியோட எப்படிக் குடிக்கிறது?"

மிஸ்ஸியை, அதாவது வார்டு நர்ஸை, கேட்டு மூக்குக் குழாய் மாட்டினோம், 2 லிட்டர். குடிக்கக் குடிக்க எண் 88-ஐத் தொட்டுத் திரும்பியது. கோப்பையை வாங்கி வைக்கும்போது கைலி முடிச்சில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. லைட்டர். மகனிடம் கொடுத்தேன். தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.