உள்ளங்கால் மச்சம்

அப்பாவின் இடது குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றுவான் என்பார்களே, அதைச் சொல்லியே அத்தை அவரைக் கேலி செய்வார். அப்புறம் அது தடித்தது. காலாணி என்று நினைத்து மெடிக்கலில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார், பிளேடால் சீவினார், நீர் கசிந்தது, மறுபடி ஒட்டினார். இப்படியே எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

கடைசியில் அது காலாணி இல்லை, மெலனோமா என்ற ஒரு வகைத் தோல் புற்றுநோய். அது வெயிலில் கிடக்கும் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று நானும் நம்பியிருந்தேன். நம் நிறத்துக்கு அது அரிது என்பது சரிதான். ஆனால் வந்தால் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்றுதான் அதிகம் வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இந்த வகைதான். முதலில் கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்று நினைத்திருந்தார்கள். விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம் இறந்தபோது வயது 36.

மச்சத்தின் இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் பிசிறடிப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது, இதெல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் எல்லாவற்றையும்விட, மாறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் காலை டெர்மடோஸ்கோப்பில், அதாவது தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில், பார்த்த டாக்டர் எனக்கும் காட்டினார். கைரேகை போலவே உள்ளங்காலிலும் வரி வரியாக மேடும் பள்ளமும் உண்டு. சாதாரண மச்சத்தின் கறுப்பு பெரும்பாலும் பள்ளத்தில் ஓடுமாம், அப்பாவுக்கு மேட்டில் ஓடியது. நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்கு இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டி பக்கத்துத் தோலில் இறங்கினாலோ உடனே தோல் டாக்டரிடம் போங்கள்.

சதையை எடுத்துச் சோதித்த பயாப்ஸியில், புற்று தோலுக்குள் இறங்கிய ஆழம் 1.4 மில்லிமீட்டர் என்று வந்தது. இந்த நோயில் அந்த எண்தான் பெரிய விஷயம், மெல்லியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அப்பாவுக்குச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள், தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள், தொடை இடுக்கில் நெறிக்கட்டியைப் பரிசோதித்தார்கள், அங்கே பரவவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா செருப்பைக் கழற்றியதும், அப்பா அவர் காலை மடியில் தூக்கி வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் காலாணிதான்.