இருமினால் எத்தனை?

இங்கிலாந்தில் பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகும் நம்மூர்ப் பெண்கள் என்னிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், குளிரைப் பற்றியோ பத்தியச் சாப்பாட்டைப் பற்றியோ பேச மாட்டேன். வலிக்கு மருந்து கேட்டு வாங்கப் பழகிக்கொள், அது போதும் என்பேன்.

மான்செஸ்டருக்குக் குடிவந்த மறுவருஷம் மகள் பிறந்தாள், சிசேரியன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கிறார்கள், நாம் விழித்தேதான் இருக்கிறோம், வீட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கலாம். (திருநெல்வேலியில் அக்காவுக்கு ஆனபோது அத்தானை வராந்தாவைத் தாண்ட விடவில்லை.) அந்த ஊசியிலேயே மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) வகை மருந்தும் துளி சேர்ப்பதால் முதல் நாள் வலி பெரிதாகத் தெரியாது, ஆனால் மூக்கும் முகமும் அரித்துத் தொலைக்கும்.

அது இறங்கிய பிறகுதான் இருக்கிறது சங்கதி. தருவது பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும். "வயித்தைக் கிழிச்சவளுக்குத் தலைவலி மாத்திரையா?" என்று அம்மா வீடியோவில் கொதித்தாள். ஆனால் இரண்டும் வெவ்வேறு விதமாக வேலை செய்பவை, நேரம் தவறாமல் போட்டால் வலி நன்றாகவே கேட்கிறது. வலி ஏறவிட்டு அப்புறம் போட்டால்தான் கேட்பதில்லை. அதற்கு மேலும் வேண்டுமென்றால் வாயில் ஊற்றிக்கொள்ளும் மார்ஃபின் மருந்து உண்டு. பால் கொடுப்பவர்களுக்குக் கோடீன் என்ற வலி மருந்தைத் தருவதில்லை, சில பெண்களின் உடம்பில் அது மளமளவென்று மார்ஃபினாக மாறி, பால் வழியாகக் குழந்தைக்குப் போய்விடும் என்பதால்.

அந்த மார்ஃபின் மருந்து தானாக வராது. 0 முதல் 10 வரை வலி எத்தனை என்று மிட்வைஃப் (பிரசவத்தையும் பிள்ளை பெற்றவளையும் பார்த்துக்கொள்பவர்) கேட்பார். நாம்தான் சின்ன வயதிலிருந்தே பொறுத்துக்கோ பொறுத்துக்கோ என்று கேட்டு வளர்ந்தவர்களாயிற்றே, படுத்த வாக்கில் 3 என்றேன், பாராசிட்டமாலோடு போய்விட்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் தயங்காமல் 8 என்றாள், அவளுக்கு மருந்து வந்தது. சிறுநீர்க்குழாயை எடுத்துவிட்டு நட என்று சொன்னபோது கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அப்போது டியூட்டிக்கு வந்த வயதான மிட்வைஃப்தான் வேறு மாதிரி கேட்டார்: "படுத்திருக்கும்போது வேண்டாம், இருமினால் எத்தனை? பிள்ளையைத் தூக்கக் குனிந்தால் எத்தனை?" 7 என்று வந்தது. சின்ன சிரிஞ்சில் மருந்து கொடுத்தார், ஒரு துண்டை மடித்துத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கழிப்பறை வரை நானே நடந்தேன். எழுந்து நடக்காமல் கிடந்தால் கால் நரம்புக்குள் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது, அதனால் வலியை அடக்குவது சொகுசுக்காக இல்லை.

தோள்பட்டை வலி என்று ஒன்று வரும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வயிற்றுக்குள் சிக்கிய காற்றுதான், புதினாத் தண்ணீர் கொடுத்தார்கள். ஓமத்தண்ணீர் என்றாள் அம்மா, கிட்டத்தட்ட அதேதான்.

கஷ்டம் ராத்திரிதான். எங்கள் வார்டில் வீட்டுக்காரர்களை அனுப்பிவிடுவார்கள், அம்மாவும் கூட இல்லை, பெல் அடித்தால் ஆள் வர நேரமாகும். ஷிஃப்ட் மாறும் சமயம் என் மாத்திரை ஒரு முறை நன்றாகத் தள்ளிப்போய், அடுத்த வேளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தேன். அதிலிருந்து போனில் அலாரம் வைத்து நானே கேட்டு வாங்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்தும் அதே அலாரம்தான். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்து ஒரு வருஷம் வரையும் மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது, அதற்கான சான்றிதழை மிட்வைஃபிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து போனுக்கு ஒரு கேள்வி வந்தது, எங்கள் சேவை எப்படி என்று. 'மிக நன்று' போட்டேன். பிள்ளை நல்லபடியாக மடியில் கிடக்கும்போது வேறென்ன போடத் தோன்றும்? நிறைய வலித்தது என்று சொல்கிற தாய்மார்களே திருப்தி என்றும் சொல்வது பல நாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது, அதனால் அந்த 'மிக நன்று'களை எண்ணி வார்டை எடைபோட முடியாது என்பது என் கட்சி. கீழே இருந்த பெட்டியில் மட்டும், ஷிஃப்ட் மாறும்போது மாத்திரை தாமதமாகிறது, அதைக் கவனியுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.