ஒரு பக்கம் டிரில், மறுபக்கம் லேசர்

கீழ்த்தாடையில் எனக்கு இரண்டு ஞானப்பற்களும் படுத்த வாக்கில் முளைத்திருந்தன. பாதி எலும்புக்குள் புதைந்து, முன்னாலிருக்கும் கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருந்தன. இந்த மாதிரிப் பல்லைச் சும்மா பிடுங்கிவிட முடியாது. ஈறைக் கீறி விலக்கி, சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். இடது பக்கம் டிரில்லில் நடந்தது. சில மாதங்கள் கழித்து வலது பக்கம், வேறொரு டாக்டரிடம் லேசரில்.

டிரில்லில் வலி என்று ஒன்றுமில்லை. ஊசி அதைப் பார்த்துக்கொண்டது. சத்தத்துக்குத்தான் ஊசி கிடையாது. பக்கத்து வீட்டுச் சுவரில் துளை போட்டால் நம் வீட்டுச் சுவரே அதிருமே, அப்படி எலும்பு வழியாக நேரே காதுக்குள் இறங்கியது. டாக்டர் அழுத்த அழுத்தத் தாடையை ஒருவர் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். கூடவே சலைன் ஓடிக்கொண்டே இருந்தது. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடம் செத்துப்போகலாம் என்பதால் அந்தத் தண்ணீர் ஒரு நொடிகூட நிற்கக் கூடாதாம். எலும்பு எடுக்கும் வேலை என்னவோ சீக்கிரமே முடிந்துவிட்டது.

அந்த அதிர்வு இன்னொரு முறை வேண்டாம் என்றுதான் லேசரைத் தேடிப் போனேன். பல் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் டயோடு லேசர் ஈறுக்கு மட்டும்தான், எலும்புக்கு ஆகாது என்று அங்கே போன பிறகே தெரிந்தது. எலும்புக்கு எர்பியம் லேசர் வேண்டும். அதன் அலைநீளம் 2940 நானோமீட்டர். தண்ணீர் அந்த ஒளியை அப்படியே குடித்துவிடும். எலும்புக்குள் இருக்கும் துளி ஈரம் சட்டென்று ஆவியாகி வெடிக்க, அந்த வெடிப்பில் எலும்பு துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. முனை எலும்பைத் தொடவே வேண்டியதில்லை. அதனால் அழுத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை.

கண்ணுக்குத் தனிக் கண்ணாடி மாட்டினார்கள். அறையிலிருந்த எல்லோருக்கும்தான். ஆரம்பித்ததும் பட்பட்பட் என்று விடாமல் ஒரு சத்தம். சத்தமே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது வாய்க்கு வெளியே கேட்கும் சத்தம், மண்டைக்குள் கேட்பதல்ல. நடுவில் லேசாகக் கருகல் வாடை வந்தது. டாக்டர் உடனே நிறுத்தி, தண்ணீர்ப் பீய்ச்சலைக் கூட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

நிறுத்துவது அதோடு முடியவில்லை. கொஞ்சம் வெட்டுவார், மெல்லிய கம்பி போன்ற கருவியை விட்டு ஆழம் பார்ப்பார், மறுபடி வெட்டுவார். டிரில்லில் கெட்டியான எலும்பு தாண்டி மெத்தென்ற எலும்பு வந்தால் கைக்கே தெரிந்துவிடும். லேசரில் கைக்கு ஒன்றும் தெரியாது, கண்ணை நம்பித்தான் போக வேண்டும் என்றார். என் பல்லின் வேருக்குக் கீழேயே உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. அது தெரிந்தபின் அவர் நிதானம் எனக்கு எரிச்சலாகத் தோன்றவில்லை. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடை மூட்டு கடுத்தது, அது வேறு விஷயம்.

எலும்பு விலகியதும், "இனி பல்லை வெட்டணும்" என்று சொல்லி அவர் எடுத்தது டிரில். எதற்குப் பயந்து இங்கே வந்தேனோ அதுவே! எனாமலை லேசரால் வெட்டிப் பிளக்கப் பொழுது போய்விடுமாம். நல்ல வேளை, சில நொடிகளில் முடிந்தது.

அப்புறம் வீக்கம். இரண்டு பக்கமும் வீங்கியது, இரண்டு பக்கமும் வலித்தது. வலது பக்கம் வாய் கொஞ்சம் சீக்கிரம் திறக்க வந்தது உண்மைதான். ஆனால் இடது பல் வலதைவிட ஆழத்தில் இருந்தது. அந்தப் பெருமையை லேசருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தையல் பிரித்த அன்று, "உங்க வாய்னா எதைச் சொல்வீங்க டாக்டர்?" என்று கேட்டேன். சாதாரண இடமென்றால் டிரில், நரம்பை ஒட்டி என்றால் பீசோ என்றார். அது அல்ட்ராசவுண்ட் அதிர்வில் வெட்டும் கருவி. கெட்டியான எலும்பை அறுக்கும், பட்டாலும் நரம்பு போன்ற மெத்தென்ற சதையை அவ்வளவாகக் காயப்படுத்தாது. அதுவும் டிரில்லைவிட மெதுவாகத்தான் போகுமாம்.